செவ்வாய்க்கிழமை நானும் வெள்ளிக்கிழமை அவளும்

கண்டி,
14.8.1998

சினிமாப் பக்க ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் அச்சுக்கூடத்தாரும் சோதனைச் சாவடி எதிலும் மாட்டாமல் தினமும் வீடு போய்ச் சேர வேண்டுகிறேன். நான் பன்வில தோட்டத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மீதிப் படிப்பு முழுக்க உங்கள் பத்திரிகைதான். ஆகவே உங்களைத் திருத்த எனக்கு உரிமையுண்டு.

அந்த யுத்தகால உளவாளிக் காதல் படத்தின் நாயகி கணவனுக்கு ஒளித்து எங்கோ போய்வருவதால் அவள் அன்பு பொய் என்று எழுதியிருந்தீர்கள். அது பிழை. அதை நம்பி நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். என் மனைவி பாலம்மா வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயிலுக்கென்று போய், நெற்றியில் விபூதி இல்லாமல் திரும்பி வந்தாள். படத்து நாயகனைப் போல நானும் கறுப்புக் கண்ணாடி, தொப்பி சகிதம் பின்தொடர்ந்தேன். சோதனைச் சாவடியில் பெண்கள் வரிசை விரைவாகப் போய்விட்டது, என்னை மறித்தார்கள். மழையில் எவன் கறுப்புக் கண்ணாடி போடுவான்? வேஷம் போடும் அவசரத்தில் அடையாள அட்டையையும் மற்றச் சட்டையில் விட்டுவிட்டேன். தோளில் கை வைத்து லொறிப் பக்கம் தள்ளும்போது பாலம்மா திரும்பி ஓடி வந்து, "ஏ மகே மஹத்தயா" என்று சிங்களத்தில் சொன்னாள். என் புருஷன் என்று அர்த்தம். அப்படியானால் பெயரைச் சொல் என்றான் சிப்பாய்.

ஐயா, எங்கள் பக்கம் பெண்சாதி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். முப்பத்துநான்கு வருஷத்தில் கூப்பன் கடையில் அரிசிக்குப் பெயர் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைத்தான் சொல்லச் சொல்வாள். அன்று என்னைப் பார்த்தாள், லொறியைப் பார்த்தாள். "அழகையா!" என்று வீதியே கேட்கக் கத்தினாள். விட்டுவிட்டார்கள்.

"எங்க கெளம்பினீங்க, இந்தக் கோலத்துல?"

"கோயிலுக்கு."

"கோயில் அந்தப் பக்கமுல்ல இருக்கு?"

"நீ மட்டும்?"

நடந்தாள், நானும் நடந்தேன். இருவர் காலும் ஒரே படியில்தான் ஏறின. காணாமற்போனவர்களைப் பதியும் அலுவலகம். சொல்லாமல் கொழும்புக்கு வேலைக்குப் போன எங்கள் ஒரே மகனின் பேச்சே வீட்டில் எடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டவன் நான். போன வருஷம் அங்கே சுற்றிவளைப்பில் அவனைக் கொண்டுபோனார்கள். அதன்பின் தகவல் இல்லை. உத்தரவை மாற்ற மனமில்லாமல் செவ்வாய்க்கிழமைகளில் நான் ஒளித்துப் போனேன். உத்தரவுக்குப் பயந்து வெள்ளிக்கிழமைகளில் அவள்.

அங்குள்ள ஹிதாயா என்ற பிள்ளை எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் இரண்டு கோப்புகளை எடுத்தது. என்னுடையதில் மகனுக்கு நான் வைத்த பெயர், விவேகானந்தன். அவளுடையதில் அவனுடைய பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர், பழனியாண்டி; அவள் அப்பனின் பெயர். அதில் தகப்பன் பெயர் கேட்ட இடம் வெறுமை. வீட்டுக்குக் கடிதம் வந்து குட்டு உடையாதிருக்க, நான் பத்திரிகை படிக்கும் சலூனின் விலாசத்தையும் அவள் பக்கத்து வீட்டு விலாசத்தையும் கொடுத்திருந்தோம். கோப்பில் ஒட்டிய மகனின் இரண்டு படங்களிலும் ஒரே கோடு போட்ட சட்டை.

"அல்லாவே! ஆறு மாசமா நாங்க ரெண்டு புள்ளயள தேடுறமே!"

பாலம்மா சிரித்தாள். பிறகு நிறுத்த முடியாமல் அழுதாள். இரண்டு பேர் என்றால் ஒருவனாவது கிடைத்திருப்பானே என்றாள்.

ஆகவே உங்கள் விமர்சனத்தைத் திருத்தவும். என் பெயரைப் போட வேண்டாம். மகன் உங்கள் சினிமாப் பக்கம் ஒன்றைத்தான் படிப்பான்; கண்டால் அப்பா இறங்கி வந்துவிட்டார் என்று நினைப்பான். நான் இறங்கி வரவில்லை.

உங்கள் வீட்டில் எல்லாரும் ஒரு கூரையின் கீழ் நலமாயிருக்க வாழ்த்தும்,
ஒரு வாசகன்

பி.கு.: சினிமா விமர்சனம் எப்படியும் போகட்டும். பெயரைப் போடுங்கள். அழகையா, பாலம்மா, அதே பழைய வீடு என்று பெரிய எழுத்தில் போடுங்கள். மகன் பெயரைப் பழனியாண்டி என்றே போடவும்.