வெளிநாட்டுப் பொய்மீன்

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குத் தனியாகத்தான் மீன் பிடிக்கப் போவது என்று அவர் முடிவெடுத்துவிட்டார். மனைவியிடம் சொல்வதுதான் பாக்கி. முடிவெடுக்க எந்த ஆம்பிளைக்கும் வீரம் தேவையில்லை; சொல்லத்தான் தேவை.

போன தடவை அவளும் கூட வந்தாள். "அடேயப்பா, எவ்ளோ பெரிய மீன்!" என்றாள். மீன் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போயே போய்விட்டது. இவள் கண்ணு வைத்துவிட்டாளாம்! அவள் முகம் சுண்டிப்போனதை அவர் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாரம் முழுக்கப் புருஷனை ஆபீசுக்குத் தாரை வார்த்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஆசையாகக் கேட்டதற்குக் கிடைத்த பட்டம் அது.

இப்போது அவரிடம் புது ஆயுதம் இருந்தது. தூண்டில் நுனியில் மாட்டுகிற பிளாஸ்டிக் பொய்மீன். வயிற்றடியில் கொக்கி. அட்டையில் கொட்டை எழுத்தில் வெளிநாட்டின் பெயர்.

"ஒரிஜினல் ஃபாரின்! நம்ம ஆளுங்களுக்கு இந்த நேர்த்தி வருமா? இந்தத் தடவை நான் மட்டும் போறேன். நீ இதுமேல கண்ணு வைக்காதே, சொல்லிட்டேன்."

துவைத்த சட்டையை மடித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"ஏற்கெனவே வெச்சாச்சுங்க."

"எப்போ? இப்பத்தானே பிரிச்சேன்!"

"போன மாசம். பின்தெருப் பட்டறையில. ரெண்டு கண்ணும் நான் வெச்சதுதான்."

"பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கப் போறேன்னுதானே சொன்னே?"

"மீனுக்குக் கண்ணு வைக்கப் போறேன்னு சொன்னேன். நீங்க பேப்பருக்குள்ள இருந்து 'ம்'னீங்க."

அட்டையைத் தூக்கிக் காட்டினார். "அப்போ இதுல போட்டிருக்கிற நாடு?"

"அது அட்டை ஒட்டின நாடு. உடம்பை ஒரு நாட்டுல வார்க்கிறாங்க. கொக்கி இன்னொரு நாடு. கண்ணு மட்டும் கான்ட்ராக்ட்ல நம்ம பின்தெரு. உங்களைவிட அது நல்லா ஊர் சுத்தியிருக்கு."

"மீன் கண்ணு எல்லாம் ஒரே மாதிரிதான். இது நீ வெச்சதுன்னு எப்படிச் சொல்றே?"

"உத்துப் பாருங்க. ஏமாந்த முழி தெரியல? சூப்பர்வைசரம்மாகூடத் திட்டினாங்க. 'தினம் பார்க்கிற முகம், கையில வந்துடுதும்மா'ன்னேன்."

அவர் பொய்மீனைப் பார்த்தார். பொய்மீன் அவரைப் பார்த்தது. கூடப் பிறந்தது மாதிரிதான் இருந்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் வேறு என்னவோ வந்தது. பெயின்ட் வாடைக்கு நடுவிலும் ஒருத்தி இந்த முழியைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என் கண்ணு ரெண்டும் ஏரிக்கு வரலாம். நான் மட்டும் வரக்கூடாதாங்க?"

கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் அப்படி இல்லை.

"வாயேன்" என்றார். உடனே மீசையைத் தடவிக்கொண்டார். "ஆனா நான்தான் பிடிப்பேன்!"

"நீங்கதாங்க பிடிக்கணும். நான் வேண்டாம்னேனா?"

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் தூண்டில் அவள் கையில் இருந்தது. சொன்ன சொல் தவறாமல் அவரும் பிடித்துக்கொண்டிருந்தார், அவளுக்குக் குடை.