நெற்றிப் பரு நிவாரணக் குழு

உலகத்தில் எத்தனையோ மகத்தான காரியங்கள் நடந்திருக்கின்றன. ஆனால் ஒரு குமரிப் பிள்ளையின் நெற்றியில் பரு வந்துவிட்டது என்பதற்காக ஒரு தேயிலைத் தோட்டமே குழு போட்டுக் கூடியது இலங்கையின் மடுல்சீமைப் பக்கத்தில்தான். இதை மறந்தால் மனித குலத்தை நன்றி கெட்ட குலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த நெற்றிக்குச் சொந்தக்காரி சுதர்ஷினி. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, வேறு வழியில்லாமல் அம்மா இராக்கம்மாவோடு கொழுந்து பறிக்கப் போனவள். போன கொஞ்ச நாளிலேயே பரு போட்டது. அங்கொன்று இங்கொன்று என்றில்லை, கூடைக் கயிறு தலையைச் சுற்றிப் பதிகிற இடம் பார்த்து, நூல் பிடித்த மாதிரி வரிசையாக.

பதுளைத் துணிக்கடை ஒன்றில் அவளுக்கு வேலை அநேகமாகக் கிடைத்துவிட்டது. முதலாளியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "பேச்சு நல்லாருக்கு, கணக்கும் வருது. நெத்திதான் சரியில்ல. வர்றவங்க மொகத்தத்தான பாப்பாங்க? பொங்கலுக்குள்ள பருவ எறக்கிட்டு வா. வேலைய வச்சிருக்கேன்."

பசறை பஸ்ஸில் திரும்பும்போது வளைவுக்கு வளைவு ஜன்னல் கண்ணாடியில் நெற்றியையே பார்த்துக்கொண்டு வந்தாள். கூடை சுமக்கிறவரை பரு போகாது. பரு போகாமல் கடை வேலை கிடைக்காது. கடை வேலை கிடைக்காவிட்டால் கூடைதான்.

மறுநாளே தோட்டத்து நலன்புரி அதிகாரி ரஜீவனிடம் போய் நின்றாள்.

"ஐயா, பொங்கல் வரைக்கும் நாத்துமேடையில கன்னு பாக்குற வேல போட்டுக் குடுங்க. கூடை தூக்காம இருந்தா போதும், இது காஞ்சிரும்."

ரஜீவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. "இளைஞர் நலனுக்கு என்ன செய்தீர்கள்?" என்று வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் கம்பனியைக் கேட்டு, கம்பனி அவரைக் கேட்டு, அவர் தலைப்புத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. ஒழுகுகிற லயத்து வீட்டுக் கூரை இருந்தது. கதவில்லாத கக்கூஸ் இருந்தது. மழை பெய்தால் பஸ் ஏறாத ரோடு இருந்தது. எல்லாமே செலவு பிடிக்கிற தலைப்புகள். பருவுக்கு என்ன செலவு? வாய் இருந்தால் போதும்.

"சின்ன விசயம்னு நெனைக்காத தங்கச்சி," என்றார் கண் கலங்க. "இத 'விஞ்ஞானபூர்வமா' அணுகுவோம்."

பிள்ளைமடுவத்தில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகளை வெளியே எடுத்துவிட்டுக் கூட்டம் ஆரம்பமானது. 'இளையோர் முகப்பரு: காரணம் அறிவோம், களைவோம்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். முன்னால் ஒரு கதிரை போட்டு சுதர்ஷினியை உட்கார வைத்து, ரஜீவன் அவள் நெற்றியிலேயே பிரம்பால் தொட்டுத் தொட்டு விளக்கினார். படம் வரைகிற செலவும் மிச்சம்! அவளுக்குத்தான் அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"பருவ வயசுல ஹோர்மோன் கூடும். எண்ணெய் சொரக்கும். துவாரம் அடைக்கும்," என்றார். அத்தனையும் உண்மை. இன்டர்நெட்டில் இருந்ததை ஓர் எழுத்து மாற்றாமல் சொன்னார். "சாக்லேட் திங்கிறியா?"

"வாங்கிக் குடுத்தா திங்கிறேங்க ஐயா."

கங்காணி வீரய்யா எழுந்தார். "போன்தாங்க காரணம். அந்தச் சூடு நேரா நெத்தியிலதான் அடிக்கும்."

"எங்க லயத்துல சிக்னலே இல்லீங்களே?" என்றாள் சுதர்ஷினி.

"அதான் சொல்றேன். சிக்னல் தேடித் தேடி வர்ற சூடு."

'சிக்னல் தேடல்' காரணங்களில் ஒன்றாக ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

"மன அழுத்தம் உண்டா?" என்றார் ரஜீவன்.

"மனசு இல்லீங்க ஐயா, கயிறுதான் அழுத்துது. மழையில நனைஞ்சு வேர்வையில ஊறி நாள் முழுக்க ஒரே எடத்துல ஒரசுது. தீவாளி லீவுல கூடை தூக்கல, பாதி காஞ்சிருச்சு."

ரஜீவனின் முகம் பிரகாசித்தது. "தீவாளிக்கு என்ன சாப்பிட்ட?"

"முறுக்கு, அதிரசம்..."

"எழுதிக்கங்க! அதிரசம் பருவுக்கு மருந்து!"

"எண்ணெய் ஆகாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?" என்றார் வீரய்யா.

"அது வேற எண்ணெய்."

சுதர்ஷினி கதிரையிலிருந்து எழுந்தாள். "ஐயா, கொஞ்ச நாளைக்கு மட்டும் நாத்துமேட..."

"இந்தா பாரு, கயிறு தோட்டத்துச் சொத்து. விசாரிக்காம அது மேல பழி போடலாமா? பரு வந்தவங்க எல்லாம் நாத்துமேடைக்குப் போனா கொழுந்த யாரு எடுக்கிறது?"

இருந்தாலும் நீதி என்று ஒன்று இருக்கிறதே. கயிற்றையும் விசாரித்துவிடுவது என்று முடிவானது. இராக்கம்மாவை முன்னுக்கு அழைத்தார்கள்.

"நீங்க எப்பருந்து கூடை போடுறீங்க?" என்றார் ரஜீவன்.

"கல்யாணத்துக்கு முந்தியே புடிச்சுங்க."

"தலத் துணிய எடுங்க." எடுத்தார். நெற்றியின் குறுக்கே கறுத்துப்போன பட்டை ஒன்று பளபளவென்று ஓடியது. "பாத்தீங்களா! ஆயுசு பூரா கயிறு போட்டும் ஒரு பரு உண்டா?"

பலத்த கரகோஷம்.

"பரு வர்றதுக்குத் தோல்ல உசுரு இருக்கணுமேங்க," என்றார் இராக்கம்மா. "எனக்கு எப்பவோ காச்சுப் போச்சு. ஊசியால குத்துனாலும் தெரியாது. எம் புள்ளைக்கு இது வேணாம்னுதான் ஐயா கேக்குறோம்."

ரஜீவன் அதில் முன்பாதியை மட்டும் மிகுந்த மரியாதையோடு குறித்துக்கொண்டார்.

கம்பனிக்குப் போன அறிக்கை இப்படி முடிந்தது: 'பயனாளி இடைவிடாது கூடை சுமந்து வந்தால் தோல் காய்த்து, பருத் தொல்லை நிரந்தரமாக நீங்கும். தாயாரே இதற்குச் சாட்சி. செலவு: இல்லை.' வெளிநாட்டுக்காரர்களுக்குப் பரம திருப்தி. ரஜீவனுக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது.

பொங்கலும் வந்தது. துணிக்கடை வேலையை நெற்றி தெளிவாக இருந்த வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். தோட்டமோ சுதர்ஷினியின் சிகிச்சையை ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் அவள் கயிற்றை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுகிறாள்.

இப்போதெல்லாம் நெற்றி அவ்வளவாக எரிவதில்லை என்கிறாள். தொட்டுப் பார்த்தால் தோல் லேசாகக் கெட்டிப்பட ஆரம்பித்திருக்கிறது. பிள்ளை குணமாகிக்கொண்டு வருகிறாள்.