காய்ச்சல் நிறம் விற்றுப்போன செய்தி

அன்பிலும் சிக்கனத்திலும் எனக்குச் சளைக்காத மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் உன் மருமகனும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, உன் மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேட்டு எழுதச் சொன்னாள் உன் அக்கா, கேட்டுவிட்டேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே, இதற்குப் போய் ஒரு உறை, ஒரு தபால்தலையா என்று நீ அங்கே உட்கார்ந்து கணக்குப் போடுவது எனக்குத் தெரிகிறது. போனில் சொன்னால் நீ சிரிப்பது எனக்குக் கேட்கும். கேட்காமல் இருப்பதற்குத்தான் தபால்தலை.

விஷயத்துக்கு வருகிறேன். காய்ச்சல் விற்றுப்போய்விட்டது.

ஆமாம், அதே காய்ச்சல்தான். நீ வாங்கிப் போட்டது. அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறையில் நாம் மூன்று பேரும் குடியிருந்துகொண்டு, இரண்டு தெரு தள்ளிப் பெயிண்ட் கடை போட்டிருந்த முதல் வருஷம். நம் இருவருக்கும் சேர்த்து நல்ல சட்டை ஒன்றுதான். மொத்த வியாபாரியைப் பார்க்கப் போகிறவன் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும், மற்றவன் பனியனோடு கல்லாவில் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. அன்றைக்கு உன் முறை. அந்தச் சட்டையைப் போட்டாலே உனக்கு முதலாளி நினைப்பு வந்துவிடும். வெள்ளை வாங்கப் போனவன், "என்னைப் பாத்ததும் எழுந்து நாற்காலி போட்டான் அத்தான், பாதி விலைக்குக் குடுத்தான்" என்று ஒரு டஜன் டின்னைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றாய். மூடியில் 'மாலைத் தென்றல்' என்று போட்டிருந்தது. திறந்தால், காய்ச்சல்காரன் டாக்டரிடம் நாக்கை நீட்டின மாதிரி ஒரு நிறம். ஒரு டின்னை நம் அறைச் சுவரில் அடித்துப் பார்த்தோம், செலவை வீட்டுக்காரர் வாடகையில் கழிப்பார் என்று. அவர் வந்து பார்த்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டே இறங்கிப் போனார். உன் அக்காதான் சொன்னாள், "இருக்கட்டும், இந்தச் சுவரைப் பாத்தாலே பசி அடங்கிடுது, சாப்பாட்டுச் செலவு மிச்சம்" என்று. மீதி டின்கள் அன்றைக்கு மேல் தட்டில் ஏறினவை. கடை மூன்று தடவை இடம் மாறியது, பெரிசானது. அவையும் கூடவே வந்து மேல் தட்டில் உட்கார்ந்துகொண்டன.

அந்த அறையை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, என்னமோ போலவும் இருக்கிறது. கீழே அச்சகத்து விளக்கு எரிகிற வரைக்கும் நாம் நம் விளக்கைப் போட மாட்டோம். பலகை இடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சம் மேலே வரும். அந்தக் கோட்டில் உட்கார்ந்துதான் உன் அக்கா அரிசியில் கல் பொறுக்குவாள். வெளிச்சம் நகராது, அவள்தான் தட்டை நகர்த்துவாள். டீத்தூளை இரண்டாம் தரம் கொதிக்க வைத்ததற்கு 'மகன் டீ', மூன்றாம் தரத்துக்குப் 'பேரன் டீ' என்று நீ பேர் வைத்தாய். பஸ்ஸில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக் காசை மிச்சம் பிடித்து, நடந்த அலுப்புக்கு அதே காசில் வாழைப்பழம் தின்றுவிட்டு, "கணக்குக்குக் கணக்கும் ஆச்சு, வயித்துக்கு வயிறும் ஆச்சு" என்று வந்து நிற்பாய். இப்போது என் வீட்டில் அறைக்கு நாலு விளக்கு. உன் மருமகன் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டே போகிறான், நான் பின்னாலேயே அணைத்துக்கொண்டு போகிறேன். அணைக்கும்போதெல்லாம் அந்தக் கோடு ஞாபகம் வருகிறது. சொல்லலாம் என்று திரும்பினால் நீ இல்லை.

நீ துறைமுக வேலை கிடைத்து, விமானம் ஏறினால்தான் வர முடிகிற ஊருக்குப் போய்விட்டாய். பதினொரு வருஷமாக நாம் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. சண்டையா, ஒன்றும் இல்லை. "நீங்க வாங்களேன் அத்தான்" என்று நீ சொல்வாய். "நீ வாயேன்" என்று நான் சொல்வேன். டிக்கெட் யார் தலையில் என்பதுதான் உள்ளே இருக்கிற சங்கதி. இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டோம். உன் அக்கா மட்டும் வானத்தில் விமானம் போனால் கையை நெற்றியில் வைத்து, அது மறைகிற வரைக்கும் பார்ப்பாள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவளுக்குத் தெரியாமல் சேர்க்க வேண்டும், ஒருநாள் டிக்கெட்டை அவள் கையில் கொடுத்து உன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வங்கியில் போட முடியாது. வங்கிக்காரன் எனக்கு அனுப்புகிற செய்தியை எனக்கு முன்னால் அவள் படித்துவிடுவாள். உன் மருமகனுக்குத் தெரிந்தால், நிறம் கலக்கிற கம்ப்யூட்டர் மெஷின் வாங்கலாம் என்று அன்றைக்கே ஆரம்பித்துவிடுவான். ஆகவே உலகத்திலேயே எவனும் கை வைக்காத இடம் எது என்று யோசித்தேன். காய்ச்சல். மேல் தட்டில் முதல் டின்னைக் காலி செய்து, துடைத்து, பணத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே வைத்து, எடை சந்தேகம் வராமல் இருக்க அடியில் பழைய ஆணிகளைப் போட்டு மூடினேன். எந்த இரும்புப் பெட்டிக்கும் இல்லாத பாதுகாப்பு மச்சான். பூட்டை உடைக்க ஆள் இருக்கிறான். அந்த நிறத்தைக் கேட்க ஆள் இல்லை.

அப்படித்தான் நினைத்தேன். போன வாரம் கண் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்புகிறேன், உன் மருமகன் கல்லாவில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறான். "அப்பா, இத்தனை வருஷம் உங்களால விக்க முடியாததை அரை மணி நேரத்துல வித்துட்டேன்!" என்கிறான். மேல் தட்டைப் பார்த்தேன். முதல் டின் இருந்த இடத்தில் வட்டமாகத் தூசி இல்லாத ஒரு இடம். "எவ்வளவுக்குடா?" என்றேன். "பாதி விலைக்கு. ஆட்டிப் பாத்தேன், கடகடன்னு சத்தம், காஞ்சு கட்டியாயிடுச்சுன்னு நெனச்சேன். மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல?" என்கிறான். அவனுக்கு மனசாட்சியை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, நான் இல்லை.

வாங்கினது நம் பெயிண்டர் ஏணி. உனக்கு ஞாபகம் இருக்கும், நிற்கும்போதே ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரி இருப்பான். ஓடினேன். "யாருக்குய்யா வாங்கினே?" "அதைச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க முதலாளி." "ஒரு டின் பெயிண்டுல என்னய்யா ரகசியம்?" "நிறம் அப்படி. வெளியில தெரிஞ்சா கௌரவம் போயிடுமில்ல?" அவனிடமிருந்து அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. சரி, அவன் வேலை செய்கிற இடத்தையெல்லாம் நாமே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். "நம்ம கடைப் பெயிண்ட் எப்படிக் காஞ்சிருக்குன்னு பாக்க வந்தேன்" என்று ஒரு வீட்டில் நுழைந்தேன். அந்தம்மா உரிந்துபோன சுவர் ஒன்றைக் காட்டி, இரண்டு டின்னை இலவசமாக வாங்கிக்கொண்டுதான் என்னை வெளியே விட்டாள். இன்னொரு வீட்டில் குழாய் ரிப்பேர்காரன் என்று நினைத்துக் குழாயைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிவிட்டேன், மாட்டத் தெரியவில்லை, அதற்கு ஆள் கூப்பிட்டு நான்தான் கூலி கொடுத்தேன். பல் டாக்டர் கிளினிக்கில் புதுப் பெயிண்ட் வாசனை வருகிறதே என்று எட்டிப் பார்த்தேன், அங்கிருந்த பெண் கையைப் பிடித்து நாற்காலியில் சாய்த்துவிட்டாள். வாயில் கருவியை வைத்துக்கொண்டு நான் என்னவென்று விளக்குவது? பல்லைச் சுத்தம் செய்துகொண்டு, பீஸும் கட்டிவிட்டு வந்தேன். சுவர் வெள்ளை. இப்போது என் பல்லும் வெள்ளை.

மூன்றாவது நாள் சாப்பாடு இறங்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அக்கா எதிரில் நின்று, "என்ன, காய்ச்சல் சுவரைப் பாத்த மாதிரி பசியே இல்லாம உக்காந்திருக்கீங்க?" என்றாள். தூக்கிவாரிப்போட்டது. "வாங்க இப்படி" என்று பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து டின்னை இழுத்தாள். உள்ளே பணம் அப்படியே இருந்தது. பக்கத்தில் பழைய பேப்பரில், என் ஆணிகளைச் சைஸ் வாரியாகப் பிரித்து வைத்திருந்தாள்.

"காசு குடுத்து வாங்கினேன், டின்னுல பெயிண்ட் இல்லை. கடையில புகார் சொல்லலாம்னா முதலாளி ஊர்ல இருக்கிற சுவரையெல்லாம் தடவிக்கிட்டுத் திரியறார்."

"மூணு நாளாத் தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"நீங்க எத்தனை வருஷமா சும்மா இருந்தீங்க?"

"அது போகட்டும், உனக்கு எதுக்கு இந்த நிறம்?"

"தம்பி வந்தா இந்த ரூம்லதான் படுப்பான். காலையில கண்ணு முழிச்சதும் சுவரைப் பாத்துச் சிரிக்கட்டும்னு."

அப்புறம்தான் வெளியே வந்தது. உனக்கும் உன் மனைவிக்கும் அவள் டிக்கெட்டே வாங்கி வைத்திருக்கிறாள். பணம் ஏது என்றேன். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தேன் என்றாள். நான் கொடுக்கிற வீட்டுச் செலவில் மிச்சம் பிடிக்கிறவள் என்றால் அவளைத்தான் கல்லாவில் உட்கார வைத்திருக்க வேண்டும் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் டின் எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். கொஞ்ச நேரம் ஆணியையே உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, ஒரே ஆளைப் பாக்க ரெண்டு உண்டியலா? ஒண்ணா போட்டிருந்தா அவன் முழங்கால் நல்லா இருந்தப்பவே பாத்திருக்கலாமேங்க" என்றாள்.

வியாபாரத்தில் எத்தனையோ நஷ்டம் பார்த்திருக்கிறேன் மச்சான். இந்த ஒன்றைத்தான் எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஆகவே, அடுத்த மாதம் நீங்கள் இருவரும் வருகிறீர்கள். டிக்கெட் இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்று யோசிக்காதே. நான் யோசித்துப் பார்த்துவிட்டேன், கட்டாது. என் டின் பணத்தில் அடுத்த வருஷம் நாங்கள் அங்கே வருகிறோம். பின்னறைச் சுவருக்கு இன்னொரு டின்னைத் திறந்தோம். கொஞ்சம் தண்ணியாகிவிட்டது, நிறம் மட்டும் அன்றைக்குப் பார்த்த அதே கேவலம். ஏணி அடித்துக்கொண்டிருக்கிறான். இனி இந்த வீட்டில் ஒரே உண்டியல், ஒருவருக்கொருவர் ஒளிவுமறைவு கிடையாது என்று நானும் உன் அக்காவும் கை அடித்துக்கொண்டோம். இந்த வயதில் இதற்கு மேல் ஒரு நிம்மதி என்ன இருக்கிறது?

உன் முழங்காலுக்குப் படியேறும் வலுவும், உன் சட்டைப்பைக்கு ஓட்டை விழாத தையலும், உன் மனைவிக்கு உன்னைச் சகிக்கும் பொறுமையும் நீங்காமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்,

உன் அத்தான்.

பி.கு.: உன் அக்கா குளிக்கப் போயிருக்கிறாள், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். கடைக்கு வந்தால் மேல் தட்டில் மூன்றாவது டின்னைத் தொட்டுவிடாதே. கை அடித்தது வாஸ்தவம்தான். ஆனால் வியாபாரி என்றால் எவருக்கும் தெரியாமல் ஒரு கையிருப்பு வேண்டாமா? நேற்றுகூடத் தூக்கிப் பார்த்தேன், கனம் துளிகூடக் குறையவில்லை. இந்தத் தாளைப் படித்ததும் கிழித்துவிடு. உறையை நானே ஒட்டிவிடுகிறேன்.

தம்பி, உன் அத்தான் டிக்கெட்டை உள்ளே வைக்க மறந்துட்டு உறையை ஒட்டிட்டார். நம்ம கடைப் பசைதான், விரலை வெச்சதும் திறந்துக்கிச்சு. மூணாவதை மட்டும் விட்டுட்டு வேற எதையாவது எடுத்துட்டு வான்னுதான் ஏணிகிட்டச் சொல்லி அனுப்பினேன். ஒண்ணாவதுலயும் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுச் செலவுல மிச்சம் பிடிச்சா விமானமா ஏற முடியும்? உங்க டிக்கெட் வாங்கினது மூணாவது டின்னுல இருந்த அவர் பணத்துலதான். இப்போ அதுல முழுக்க ஆணி. அவர்கிட்டச் சொல்லிடாதே, அப்பப்போ தூக்கிப் பாக்கறதுல அவருக்கு ஒரு சந்தோஷம். கனம் குறையாம நான் பாத்துக்கறேன். நீ வந்து சேர். அக்கா.