மாமிக்கு நான் வெட்டிய குழி

என் மாமியாருக்கு நான் ஒருமுறை குழி வெட்டியிருக்கிறேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. முழங்காலில் நின்று, சாப்பாட்டுப் பெட்டியின் மூடியால் வெட்டிய உண்மையான குழி. (பொலிசுக்குப் போன் அடிக்க முதல் முழுக்கதையையும் கேளுங்கோ.)

கல்யாணமாகி இரண்டாம் வருடம் மாமி கொக்குவிலில் இருந்து எங்களைப் பார்க்க லண்டன் வந்தார். அவருக்கு ஒரே ஆசை: ஸ்நோ பார்க்க வேண்டும். எங்கள் கோலியர்ஸ் வுட்டிலோ அந்தக் குளிர்காலம் முழுக்க மழை. காலையில் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, ஸ்நோவை நான்தான் எங்கோ பூட்டி வைத்திருப்பது போல என்னைப் பார்ப்பார். அவர் திரும்ப ஒரு கிழமைதான் இருந்தது.

"நான் காட்டுறன் மாமி," என்றேன்.

என் மனைவி வாணிக்கு அன்று ஆஸ்பத்திரியில் ஷிப்ட். "இஞ்சருங்கோ, வெதர் பாத்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பார்த்தேன்தான். லண்டன் வெதரை.

நாலு மணித்தியாலம் கார் ஓடி டார்பிஷயர் மலைப்பக்கம் போனோம். ஸ்நோ கிடந்தது. மாமி ஒரு பிடி அள்ளி, "தேங்காய்ப்பூ மாதிரியெல்லே கிடக்கு!" என்று சிரித்தார். அதோடு திரும்பியிருக்கலாம். இன்னும் நல்ல ஸ்நோ காட்டுகிறேன் பேர்வழி என்று ஒரு ஒடுங்கிய ரோட்டில் காரை விட்டேன். கார் வழுக்கி, மிகுந்த மரியாதையோடு, வீதியோரப் பள்ளத்துக்குள் இறங்கி அமர்ந்தது. போனில் சிக்னல் இல்லை.

காருக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் சாதாரண மனிதர்கள். நான் பனிக்காட்டில் உயிர் தப்புவது பற்றிப் பன்னிரண்டு வீடியோ பார்த்தவன். சிக்னல் தேடலாம் என்று மாமியையும், அவர் விட மறுத்த சாப்பாட்டுப் பையையும் கூட்டிக்கொண்டு நடந்தேன். பத்து நிமிடத்தில் பனி கொட்டத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தால் காரைக் காணவில்லை. ரோட்டையும் காணவில்லை.

சுற்றிச் சுற்றி ஒரு மணித்தியாலம் நடந்த பிறகுதான் நான் குழி வெட்டத் தொடங்கினேன்.

"தம்பி, என்ன செய்யிறியள்?"

"ஷெல்ட்டர் மாமி. ஸ்நோவுக்குள்ளை குழி வெட்டி இருந்தால் குளிர் அடிக்காது."

"ஆர் இருக்கிறது?"

"முதல்ல நீங்கள்."

மாமி குழியைப் பார்த்தார். ஒரு கொழுத்த பூனை கால் மடக்கிப் படுக்கலாம். "உங்கடை வேலையே வீடில்லாத ஆக்களுக்கு அவசரத்துக்கு இடம் எடுத்துக் குடுக்கிறதெண்டு பிள்ளை சொன்னவள். இப்பிடித்தானோ குடுக்கிறனீங்கள்?"

(ஓம், கவுன்சிலில் எனக்கு அந்த வேலைதான். அங்கே படிவம் இருக்கும், ஹீட்டர் இருக்கும்.)

அப்போதுதான் கவனித்தேன். மாமியின் உதடு கறுத்திருந்தது. பகிடி விட்ட குரல் நடுங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும். இவருக்கு ஏதாவது நடந்தால் வாணியின் முகத்தில் எப்படி முழிப்பேன்? மூடியைக் கீழே போட்டேன்.

"மாமி, எனக்கு இதொண்டும் தெரியாது. உங்களைக் கொண்டுவந்து இதுக்குள்ளை விட்டிட்டன்."

"கார் சரியேக்கையே எனக்குத் தெரியும். அழாதேங்கோ. கையைத் தாங்கோ." தூரத்தில் பனிக்கு மேலே தலை நீட்டிய கம்பி வேலியைக் காட்டினார். "உந்த வேலியைப் பிடிச்சுக்கொண்டு போவம். ஒருத்தருமில்லாத இடத்திலை ஆர் வேலி போட்டவன்?"

வேலி ஒரு மரக்குடிலில் போய் முடிந்தது. பறவை பார்ப்பவர்கள் ஒளிந்திருக்கும் குடில். மாமி கதவைத் தள்ளி, "முருகா! தப்பிச்சம்!" என்று கத்தினார். வெளியே எதுவோ சிறகடித்துப் பறந்தது. உள்ளே பைனாகுலரோடு இருந்த வயதான வெள்ளைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"என்னவாம்?"

"ஒரு குருவியைப் பார்க்கக் காலமை தொடக்கம் இருந்தவராம் மாமி. நாங்கள் கலைச்சுப்போட்டம்."

"ஐயோ பாவம். சாப்பிட்டவரோ எண்டு கேளுங்கோ."

நான் கேட்கும் முன்னரே பை திறந்துவிட்டது. ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்ட மனிதருக்குக் கண்ணாலும் மூக்காலும் வழிந்தது. ஆனாலும் இரண்டாவது ரொட்டிக்குக் கையை நீட்டினார். தன் பிளாஸ்கிலிருந்த தேத்தண்ணியை மாமிக்கு ஊற்றிக் கொடுத்தார். மாமியின் உதட்டில் நிறம் திரும்பியது. எனக்கும் மூச்சு வந்தது.

பிறகு அவரே தன் ஜீப்பில் கயிறு கட்டிக் காரை இழுத்துத் தந்தார். குடிலில் இருந்து கார் எட்டு நிமிட நடை. வழியில் என் குழியைப் பார்த்ததும் ஜீப்பை நிறுத்தி, மெல்லிய குரலில், "உங்கள் நாய்க்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என்ன கேக்கிறார்?" என்றார் மாமி. நான் மொழிபெயர்க்கவில்லை.

வாணிக்குச் சொல்லமாட்டேன் என்று வரும் வழியெல்லாம் மாமி சத்தியம் செய்தார். வீட்டில் சப்பாத்தைக் கழற்ற முதல் சொல்லிவிட்டார். அடுத்த கிழமை ஊருக்குப் போய் கொக்குவில் முழுக்கச் சொன்னார்.

போன வருடம் நாங்கள் அங்கே போனபோது, வளவுக்குள் ஆள் பிடித்துக் கோழிக்கூடு கட்டுவித்துக்கொண்டிருந்தார். சும்மா பார்த்துக்கொண்டு நிற்பது சரியில்லை என்று நானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மண்வெட்டியைத் தூக்கினேன். மாமி ஓடி வந்து அதை வாங்கி, தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. கோழியள் பாவம்."