பூநாரையைப் பார்க்காதவர்

“பறவை அந்தப் பக்கம். நீங்க டீக்கடையையே பாத்துனு இருந்தா பொண்ணுக்குச் சந்தேகம் வந்துடும்” என்றாள் அம்பிகா.

அவள் கணவர் கன்னியப்பன் வாடகைக்கு எடுத்த பைனாகுலரை இறக்கவில்லை. பழவேற்காடு ஏரி முழுக்கப் பறவைகள் வந்து இறங்கியிருந்தன. அவருக்கு அதில் ஒன்றும் வேண்டியதில்லை. டீக்கடை வாசலில் நின்ற மூன்று பேர்தான் வேண்டும். திமிரி மதியழகன், அவர் மனைவி அமிர்தவள்ளி, மகன் இளம்பரிதி.

தரகர் ஜோதி கொண்டுவந்த சம்பந்தம். பையனுக்குச் சென்னையில் ஷூ ஏற்றுமதி ஆபீஸில் வேலை. பொங்கல் லீவுக்கு அவர்கள் பறவை பார்க்கப் போகிறார்கள் என்று ஜோதிதான் சொன்னார். உடனே கன்னியப்பனும் தன் குடும்பத்தைக் கிளப்பிவிட்டார். மகள் பூங்குழலியிடம் இது வெறும் சுற்றுலா என்று சொல்லியிருந்தார். அவளும் ஏன் எதற்கு என்று கேட்காமல் கிளம்பிவிட்டாள்.

கன்னியப்பன் ஆம்பூர் டேனரியில் தோல் தரம் பிரிப்பவர். வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்காமல் ஒரு தோலையும் ஒப்புக்கொள்ள மாட்டார். மாடு உயிரோடு இருந்தபோது பட்ட காயம் பாலிஷில் மறைந்துவிடும், ஆனால் போய்விடாது. தோலில் ஏமாறாத மனிதர், மூத்த மகள் பாரதி விஷயத்தில் ஏமாந்துவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று அந்த மாமியார் தேனாகப் பேசினாள். ஒரு வருஷம் முடிவதற்குள் பாரதி முழங்கையில் சூட்டுத் தழும்போடு வீடு வந்து சேர்ந்தாள். இப்போது தையல் பிரிவுக்கு வேலைக்குப் போகிறாள், வருகிறாள். சிரிப்பதில்லை. அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குத் தன் கண்ணின் மேலேயே வெறுப்பு வரும்.

அதனால் இந்த முறை, பார்க்கப்படுகிறோம் என்று தெரியாதபோது அந்தக் குடும்பம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவது என்று இருந்தார். அதுவரை தன் பெண்ணின் போட்டோ, பெயர் எதுவும் அங்கே போகக்கூடாது என்று ஜோதிக்குக் கட்டளை.

தனிப் படகில் பின்தொடர்ந்து போவதாகத் திட்டம். படகுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

“மூணு பேருக்கெல்லாம் போட் எடுக்க மாட்டேன் சார். அந்த மூணு பேரையும் சேத்துக்கறேன், ஏறுங்க.”

மறுத்தால் சந்தேகம் வரும். ஏறிவிட்டார். எதிர்ப் பலகையில், முழங்கால் இடிக்கிற தூரத்தில், திமிரிக் குடும்பம் உட்கார்ந்தது.

“எந்த ஊரு சார்?” என்றார் மதியழகன்.

ஆம்பூர் என்று சொன்னால் காரியம் கெட்டது. “வாணியம்பாடி. பேரு பாண்டியன்” என்றார் கன்னியப்பன்.

“இது உங்க பொண்ணுங்களா?”

பாண்டியனுக்குப் பெண் இருந்தால் வம்பு என்று அவருக்குத் தோன்றியது. “தங்கச்சி பொண்ணு.”

“தங்கச்சி வரலியா?”

“இல்லீங்க. தவறிட்டா. வள்ளியம்மான்னு பேரு.”

அம்பிகா ஏரியைப் பார்த்துக்கொண்டாள். ஒடுகத்தூரில் நல்லபடியாக வேர்க்கடலை பயிர் வைத்துக்கொண்டிருக்கும் நாத்தனார் ஒரு நொடியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

போனவள் சும்மா இருக்கவில்லை. பூங்குழலிக்கு போன் செய்தாள்.

“சொல்லு வள்ளியம்மா அத்தை. அப்பா போட்ல இருக்காரு.”

மதியழகன் நிமிர்ந்தார். “வள்ளியம்மாவா?”

“அது சின்ன தங்கச்சி” என்றார் கன்னியப்பன். “குலதெய்வத்து பேரு சார். எங்க வூட்ல பொம்பளைங்க எல்லாத்துக்கும் அதே பேருதான். இந்தப் பொண்ணும் அப்பா அம்மா இல்லாததால என்னியத்தான் அப்பான்னு கூப்புடும்.”

அமிர்தவள்ளி அம்பிகா பக்கம் திரும்பினாள். “உங்க பேரு இன்னாம்மா?”

“வள்ளியம்மா” என்றாள் அம்பிகா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

“பாப்பா பேரு?”

“நானும் வள்ளியம்மாதாங்க” என்று பூங்குழலி தலையைக் குனிந்துகொண்டாள்.

“பூநாரை, பூநாரை” என்று படகுக்காரர் கையை நீட்டினார். சேற்றுத் திட்டில் வரிசையாக நின்ற பறவைகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பறவைகள்தான் இவர்களைப் பார்த்தன. இளம்பரிதி மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பெண் இருக்கும் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. ஒழுக்கமான பையன் என்று கன்னியப்பன் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

மார்கழிக் குளிர் இன்னும் விடாத காற்று. அமிர்தவள்ளி தன் சால்வையைக் கழற்றி, ஒன்றும் சொல்லாமல் பூங்குழலியின் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். பிறகு தூக்குச்சட்டியைத் திறந்து, மகனுக்கு வைத்திருந்த வடையை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

“துண்ணு கண்ணு. பெத்தவ இருந்தா கேட்டுக் கேட்டுப் போடுவா.”

இந்தப் பெண்ணால் அவளுக்கு ஒரு லாபமும் கிடையாது. அடுத்த முறை பார்ப்பாளா என்பதும் தெரியாது. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் இந்தத் தோலில் ஒரு கீறல் இல்லை. பாரதிக்கு இப்படி ஒருத்தி வாய்க்கவில்லையே என்று நெஞ்சு கனத்தது.

படகு முகத்துவாரத்தை ஒட்டிய மணல் திட்டில் நின்றது. எல்லோரும் கடலைப் பார்க்க இறங்கினார்கள். அமிர்தவள்ளி கணவனிடம் பேசியது காற்றில் தெளிவாகக் கேட்டது.

“அந்த ஆம்பூர் இடம் நமக்கு இன்னாத்துக்கு? அந்தாளு போட்டோகூட தரமாட்றாராம். ஒரே பேஜாரு. தாய் தகப்பன் இல்லாத இந்தப் பொண்ணையே கேட்டுடலாம். ஜோதிக்கு போன் போட்டு வேணாம்னு சொல்லிடு.”

மதியழகன் போனை எடுத்துவிட்டார். தன் மகளுக்கு வந்த சம்பந்தத்தைத் தானே தட்டிப் பறிக்கிற நிலைமை உலகத்தில் எந்தத் தகப்பனுக்கும் வந்திருக்காது. கன்னியப்பன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பண்ணாதீங்க சார். நான் பாண்டியன் இல்ல. அந்த ஆம்பூர் ஆளே நான்தான். கன்னியப்பன். இது என் சொந்தப் பொண்ணு, பூங்குழலி.”

மதியழகன் போனை இறக்கினார்.

“அப்ப தங்கச்சி?”

“ஒடுகத்தூர்ல நல்லாருக்கா.”

பிறகு அவர் பாரதியைப் பற்றிச் சொன்னார். தேனாகப் பேசிய மாமியாரை, முழங்கைத் தழும்பை, சிரிக்காத முகத்தை. சொல்லச் சொல்ல அழுதுவிட்டார். “பெத்த பொண்ணையே இல்லன்னு சொன்னேன் சார். தப்புதான். உங்க வூட்டம்மா சால்வையைப் போத்தினப்பவே நான் முடிவு பண்ணிட்டேன். நீங்க வேணாம்னாலும் நான் வருத்தப்பட மாட்டேன்.”

மதியழகன் போனைச் சட்டைப்பையில் போட்டார். அமிர்தவள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“தை பொறந்துடுச்சி” என்றார் மதியழகன். “வர்ற ஞாயித்துக்கிழம நாங்க ஆம்பூர் வர்றோம். பெரிய பொண்ணையும் பாக்கணும். ஒடுகத்தூர் தங்கச்சியையும் வரச் சொல்லுங்க. உயிரோட இருக்கிறத கண்ணால பாத்தாதான் நம்புவேன்.”

படகு கரைக்குத் திரும்பியது. கன்னியப்பனுக்கு மனம் லேசாகியிருந்தது. தன் கண் இன்னும் கெட்டுப்போகவில்லை, பெண்ணுக்கு முன்கூட்டி ஒன்றும் தெரியாமலே நல்ல இடத்தைத் தேர்ந்து கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதி. பெரியவர்கள் கரையில் இறங்கி நின்றார்கள். கடைசியாக, இளம்பரிதிக்குப் பின்னால் பூங்குழலி இறங்கக் கை கொடுத்த படகுக்காரர் திருப்தியாகச் சிரித்தார்.

“நீயும் இந்தத் தம்பியும் போன மாசம் வந்தப்பவே சொன்னேனே பாப்பா, ரெண்டு வூட்டாரையும் எப்படியாவது இங்க வரவெச்சிடுங்க, ஒரே போட்ல ஏத்தறது என் பொறுப்புன்னு.”