எட்டாவது போத்தலில் திருநீறு

நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு பெற்ற பிள்ளையிடம் பொய் சொன்னவன் நான். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்ட எனக்கு விஞ்ஞானமும் வராது, பொய்யும் வராது என்பது ஒரே நாளில் தெரிந்தது.

மகள் தர்சினியின் பல்கலைக்கழகக் கடைசி வருட ஆய்வு அது. பைப் தண்ணீரில் போடும் குளோரின், அதில் கரைந்திருக்கும் இலைதழைக் கசடோடு சேர்ந்து வேறு பொருட்களை உண்டாக்குமாம். எங்கள் வெள்ளவத்தை வீட்டில் அவை எவ்வளவு என்று எட்டு வாரம் அளக்க வேண்டும். வாரம் ஒரு போத்தல், காலையில் வருகிற தண்ணீர். கடைசி வாரம் அவளுக்குக் காலையிலேயே பரீட்சை. விரல் நீளக் கண்ணாடிப் போத்தல் என் கைக்கு வந்தது.

"முட்ட நிரப்புங்கோ அப்பா. ஒரு காத்துக் குமிழியும் இருக்கப்படாது. போத்தலைக் கழுவ வேண்டாம், என்ன?"

"ஓம் பிள்ளை."

(குமிழி மட்டும்தான் காதில் ஏறியது.)

காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, போத்தலைத் திறந்தேன். அடியில் ஏதோ வெள்ளைத் தூள். கழுவாத பாத்திரத்தில் தண்ணீர் பிடிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மூன்று தரம் அலசினேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, குமிழி இல்லாமல் நிரப்பி மூடினேன்.

தொலைபேசி அடித்தது.

"அப்பா, அந்த வெள்ளைத் தூள் கொட்டுப்படேல்லைத்தானே? அதுதான் குளோரினை அப்பிடியே நிப்பாட்டுறது. இல்லாட்டி அளவு பிழைச்சுப் போகும்."

"ஓம்... எல்லாம் இருக்கு."

"உண்மையைச் சொல்லுங்கோவன்" என்றாள் மனைவி, நான் தொலைபேசியை வைத்ததும்.

"சோதனைக்குப் போற பிள்ளையைக் குழப்புறதே?" (நல்ல சாட்டு.)

பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்றேன். எட்டு வார உழைப்பு. கை தானாகத் திருநீற்றுத் தட்டுக்குப் போனது. அதுவும் வெள்ளைத் தூள்தானே. ஒரு சிட்டிகை போட்டு மூடினேன்.

மத்தியானம் ஐஸ் பெட்டியோடு வந்தவள் போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுடைய தூள் கரைந்துவிடுமாம். என்னுடையது அடியில் அசையாமல் இருந்தது. போத்தலைப் பார்த்தாள். என் நெற்றியைப் பார்த்தாள்.

"கழுவிப்போட்டன், பிள்ளை."

அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பிள்ளையார் குளோரினை நிப்பாட்டுவார் எண்டு நினைச்சீங்களோ?"

"நினைக்கேல்லை. கெஞ்சினனான்."

அதற்குத்தான் சிரித்தாள்.

ஏழு வாரக் கணக்கே போதும் என்று அவளுடைய ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். கடவுள் புண்ணியத்தில் பாஸ். ஆனால் ஆய்வில், அட்டவணைக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது: 'எட்டாம் வார மாதிரி, வீட்டுக்காரரின் தலையீட்டால் நிராகரிக்கப்பட்டது.'

இன்றைக்கும் நான் சொதிச் சட்டிப் பக்கம் உப்போடு போனால், மனைவி திரும்பிப் பாராமலே சொல்லுவாள்:

"பிள்ளை, வீட்டுக்காரர் தலையிடுறார்."