சகாயம் திறக்காத கோப்பு

அந்த வீடியோக் கோப்பை உயிருள்ளவரை திறப்பதில்லை என்று சகாயம் காலைக் காபியோடு முடிவெடுத்தார்.

வரும் ஞாயிறு அவருக்கும் கிளாடிஸுக்கும் திருமண வெள்ளிவிழா. சர்ச்சில் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் பிரியாணி. பிரியாணிக்கு முன்னால் பழைய கல்யாண வீடியோ. பீரோவில் கிடந்த சி.டி.யை மகள் லின்சி போன வாரமே பென்டிரைவில் ஏற்றி வைத்துவிட்டாள்.

இருபத்தைந்து வருடமாக ஆர்.எஸ்.புரம் முழுக்க சகாயம் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. தாலி கட்டும்போது கிளாடிஸ் தேம்பித் தேம்பி அழுதாளாம். இவர் மலைபோல நின்று கைக்குட்டையை நீட்டினாராம். கல்யாணம் நிச்சயமான பையன் எவன் எதிர்ப்பட்டாலும் நிறுத்திவைத்துச் சொல்லாமல் விடமாட்டார். கிளாடிஸ் ஒருநாளும் மறுத்ததில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அழுதது யார் என்பது சகாயத்துக்குத் தெரியும். வீடியோவுக்கும் தெரியும்.

“ஏனுங்க, அதைப் போடுங்க, பார்ப்போம்.” கிளாடிஸ் பென்டிரைவை நீட்டினாள்.

பென்டிரைவில் ஒரே கோப்பு. பெயரின் வாலில் டி.ஏ.டி. என்று மூன்றெழுத்து. சகாயத்துக்கு உயிர் வந்தது. மில் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்தவர் அவர். அந்த வாலைச் சம்பளக் கணக்கிலும் ஒட்டுவார்கள், சினிமாப் படத்திலும் ஒட்டுவார்கள்.

“இது வீடியோவே இல்ல அம்மணி. வெறும் டேட்டா. யாரோட கணக்கோ மாறி ஏறிப்போச்சு.”

“எதுக்கும் தெறந்து பாருங்க.”

எதில் திறப்பது என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவர் வேண்டுமென்றே, எழுத்தை மட்டும் படிக்கத் தெரிந்த நோட்பேடைக் காட்டினார். அது நெடுநேரம் திணறியது. பிறகு, எறும்புப் புற்றைக் கலைத்தது போல, கட்டமும் கொக்கியுமாகத் திரை நிறையக் கொட்டியது.

“பாத்தியா? செத்துப்போச்சு. இனி கர்த்தரே வந்தாலும் எழுப்ப முடியாது.”

“அவரு செத்து நாலு நாளான லாசரையே எழுப்பினவருங்க.”

“லாசருக்கு உடம்பு இருந்துச்சு. இதுக்கு எழுத்தே இல்ல.”

கிளாடிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். “உங்க மில்லோட மொத்தக் கணக்கும் சேர்ந்தாக்கூட இத்தனை பெருசு வராதுங்களே. படம்தான் இப்படிக் கனக்கும். கொஞ்சம் நகருங்க.”

ரோட்டில் வைக்கிற ஆரஞ்சுக் கூம்பு போலத் திரையில் வீடியோ பிளேயரின் சின்னம் இருந்தது. கோப்பை இழுத்து அதன் தலையில் போட்டாள். ஆர்மோனியம் ஒலித்தது.

தொளதொளக் கோட்டுக்குள் இளைய சகாயம். கையில் தாலி. தோள் குலுங்குகிறது. அழுகைச் சத்தத்தை அமுக்கப் பாட்டுக் குழு குரலை உயர்த்துகிறது. மணப்பெண் பொறுமையாக முக்காட்டின் நுனியை எடுத்து மாப்பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிடுகிறாள்.

ஞாயிறு தள்ளிப்போயிருக்காதா என்று சகாயம் காலண்டரில் தேதி பார்த்தார். தேதி அப்படியேதான் இருந்தது.

“கிளாடிசு... இதை மண்டபத்துல போட வேண்டாம்.”

“போடலீங்க.”

“நெசமாவா?”

“நெசமாத்தானுங்க.”

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன மனசு இவளுக்கு!

“எல்லாரும் பாத்ததையே மறுபடியும் எதுக்குங்க போடறது? போன வாரமே குடும்ப குரூப்புல போட்டாச்சு. நீங்கதான் அதை மியூட் பண்ணி வெச்சிருக்கீங்களே. மேட்டுப்பாளையத்து அண்ணன் இன்னும் சிரிச்சு முடிக்கலீங்க.”

“அப்ப என்னை எதுக்குத் தெறக்கச் சொன்னே?”

“எத்தனை தூரம் போவீங்கன்னு பாத்தேனுங்க.”

பீரோவைத் திறந்து, இஸ்திரி போட்ட கைக்குட்டை இரண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமைக்கு. ரெண்டும் உங்களுக்குத்தானுங்க.”